பகுதிகளாகத் தொகையிட்டால் அதே கணக்கே திரும்பி வருகிறதே, ஏன்?

இரண்டு சார்புகள் பெருக்கலாக நிற்கும்போது ஒன்றை வகையிட்டு, மற்றதைத் தொகையிட்டு, கணக்கை வேறு உருவுக்கு மாற்றுவதுதான் பகுதிகளாகத் தொகையிடல். பெருக்கலை வகையிடும் விதியைப் பின்பக்கமாக ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

உயர்தர இணைந்த கணிதத்தில் பிள்ளைகளைத் திணறடிப்பது, ஈ-யின் எக்ஸ் அடுக்கை (eˣ) சைன் எக்ஸால் பெருக்கித் தொகையிடும் கணக்கு. சைனை வகையிட்டால் கோசைன், அதை வகையிட்டால் மறைச் சைன். ஈ-யின் அடுக்கோ எத்தனை தடவை தொகையிட்டாலும் மாறாது. அதனால் இரண்டாம் தடவை முடிந்ததும், கேட்ட கணக்கே மறைக் குறியோடு வந்து நிற்கும். சரி, அதற்கு 'தொ' என்று பெயர் வைத்து இடப்பக்கம் கொண்டுபோங்கள். இரண்டு தொ கிடைக்கும். பாதியாக்கினால் விடை: ஈ-யின் எக்ஸ் அடுக்கை (சைன் எக்ஸ் − கோசைன் எக்ஸ்) ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்தது. மாறிலியையும் கூட்ட மறக்காதீர்கள்.

பதுளை ரயில் தெமோதரையில் மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். இடம் அதேதான், மட்டம் வேறு. இங்கே குறி வேறு. இரண்டாம் தடவை தெரிவை மாற்றிக் கோசைனைத் தொகையிட்டீர்களோ, அந்த வித்தியாசம் போய்விடும். பூச்சியம் சமன் பூச்சியம்தான் மிஞ்சும்.

அதே தொகையீடு திரும்பி வந்தாலே பிழைத்துவிட்டது என்று நினைத்துப் பலர் செய்கையை வெட்டிவிடுகிறார்கள். குறி மாறி வந்திருந்தால் அது பிழையே இல்லை, விடைக்கு ஒரு வரிதான் பாக்கி.