நல்லூர் யாழ்ப்பாண நகரத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

நல்லூர் தனி ஊரா, நகரத்தின் ஒரு பகுதியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான். கந்தசுவாமி கோயிலடி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் வரும். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி, அப்புறம் கொண்டாவில் எல்லாம் நல்லூர் பிரதேச சபை.

வயதில் மூத்தது நல்லூர்தான். யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரம் அது. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1621இல் கோயிலை இடித்து, ஆட்சியிடத்தைக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்கள். நகரம் வளர்ந்தது அங்கே. இப்போதைய கோயிலின் தொடக்கம் 1734, அதுவும் வேறு வளவில். பழைய கோயில் இருந்ததாகச் சொல்லும் முத்திரைச் சந்தியில் இன்று தேவாலயம் நிற்கிறது. கிட்டத்தான் யமுனா ஏரி. பெயர்தான் ஏரி, பார்த்தால் 'ப' எழுத்து வடிவில் வெட்டிக் கட்டிய கேணி.