கேள்வி – பதில்: மாலை வெளிச்சத்தில் 120 முகங்கள்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளிலுமாக 120 பிள்ளைகள் படிக்கிறார்கள். பிப்ரவரியில் ஆண்டு விழாவன்று மாலை ஐந்தரை மணியளவில் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுப்பது வழக்கம். சென்ற ஆண்டுப் படத்தில் சில பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு பலருடைய முகத்தில் பக்கத்துப் பிள்ளையின் நிழல் விழுந்திருந்தது. இம்முறை நானே எடுக்கப் போகிறேன். என்னிடம் 18-55 லென்ஸுடன் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருக்கிறது. எங்கள் ஊரில் பொழுது சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது என்பதுதான் என் கவலை. எப்படி எடுக்க வேண்டும்?
– ஆசிரியை ஒருவர், தென்காசி

பதில்: நீங்கள் எதைக் கவலை என்று எழுதியிருக்கிறீர்களோ, அதுதான் உங்கள் ஊருக்கு வாய்த்திருக்கும் வசதி. பிப்ரவரியில் தென்காசியில் சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ ஆறரை மணி. ஐந்தரை மணிக்கு அது அடிவானத்துக்கு மேல் 14 பாகை அளவில் நிற்கும். அவ்வளவு தாழ்வில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் நான்கு மடங்கு நீளும் என்பதால், ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள பிள்ளையின் நிழல் ஐந்து மீட்டர் தொலைவு வரை போகிறது. வெயில் பக்கவாட்டில் வரும்படி வரிசையை நிறுத்தினால், ஒருவர் நிழல் அடுத்தவர் மீது விழாமல் இருக்க வழியே இல்லை. வெயிலுக்கு எதிர்முகமாக நிறுத்தினாலோ கண் கூசும். சென்ற ஆண்டு வரிசை வெயிலுக்குச் சாய்வாக நின்றிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு குறைகளும் ஒரே படத்தில் வந்திருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை உங்களுக்கு நேர் மேற்கே நிற்கிறது. கைபேசியின் வானிலைச் செயலி காட்டும் அஸ்தமன நேரம் தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. நடுவில் நிற்கும் மலையை அது அறியாது. மலை வெயிலை மறைத்த பிறகும் அந்த நேரம் வரை வானம் வெளிச்சமாகவே இருக்கும். அந்த இடைவெளியில் மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இராது, கண்ணும் கூசாது. பிள்ளைகளைத் துணிந்து மேற்கு முகமாக நிறுத்திவிட்டு, நீங்கள் மலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்கலாம். பொன்வெயிலில் எடுத்தால்தான் மாலைப் படம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு குழந்தையைத் தனியாக எடுக்கும்போது அது அழகுதான். 120 பேரை எடுக்கும்போது அது தொல்லை. ஆகவே விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக மைதானத்தில் நின்று, வெயில் தரையை விட்டு எத்தனை மணிக்கு விலகுகிறது என்று பார்த்து, படம் எடுக்கும் நேரத்தை அதற்குச் சற்றுப் பிந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். விழா நிகழ்ச்சி நிரல் அதற்கு இடம் தராமல் ஐந்தரை மணிக்கே எடுத்தாக வேண்டுமென்றால், பள்ளிக் கட்டடத்தின் கிழக்குப் பக்க நிழலுக்குள் எல்லோரையும் கொண்டுபோய், சுவருக்கு முதுகு காட்டி, திறந்த கிழக்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அங்கே ஒரு பிள்ளையின் தலைகூட வெயிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த ஒரு வெள்ளைத் திட்டு படம் முழுவதையும் கெடுத்துவிடும்.

நல்ல வெளிச்சம் சிறிது நேரமே நிற்கும். பிள்ளைகளின் பொறுமை அதைவிடக் குறைவு. எனவே செய்ய வேண்டியவற்றையெல்லாம் பிள்ளைகள் வருவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும் என்பதைத்தான் நான் முதன்மையாகச் சொல்வேன். முதல் வரிசை தரையில் சம்மணமிட்டு, இரண்டாவது பெஞ்சில் அமர்ந்து, மூன்றாவது தரையில் நின்று, நான்காவது பெஞ்சின் மேல் நின்று, ஐந்தாவது மேசையின் மேல் நின்று என்று ஐந்து வரிசை அமைத்தால், வரிசைக்கு 24 பேர். தோளோடு தோள் நின்றால் அகலம் ஒன்பது மீட்டரைச் சற்றே தாண்டும். பெஞ்சுகளை நேர்கோட்டில் போடாமல் பிறை போல் லேசாக வளைத்துப் போடுங்கள். இரு ஓரத்தில் இருப்பவர்களும் நடுவில் இருப்பவர்களும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பார்கள். மேசைகள் ஆடாமல் நிற்கின்றனவா என்று ஒரு பெரியவர் ஏறிப் பார்த்துவிட வேண்டும். கடைசி வரிசையின் இரு முனையிலும் ஒவ்வோர் ஆசிரியர் நிற்பது நல்லது. வகுப்பு வாரியாக வரிசை என்று பிடிவாதம் பிடிக்காமல், வகுப்பறையிலேயே உயர வாரியாகப் பிரித்து அழைத்து வாருங்கள். ஆண்டு விழா என்பதால் வேடம் போட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். பாரதியாரின் முண்டாசும் மயிலின் தோகையும் பின்னால் இருப்பவரின் முகத்தை முழுதாக மறைத்துவிடும் என்பதால் அவர்களுக்குக் கடைசி வரிசையில் இடம் ஒதுக்குங்கள். பின்வரிசைத் தலை, முன்வரிசையின் இரண்டு தலைகளுக்கு நடுவில் வர வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சரிசெய்ய நேரம் இராது. "கேமரா கண்ணுக்குத் தெரியாதவர்கள் கை தூக்குங்கள்" என்று ஒரு முறை கேட்டாலே போதும்.

இனி கேமரா. லென்ஸின் குவியத் தொலைவை 18 மி.மீ.-இல், அதாவது மிக அகலமாகக் காட்டும் நிலையில், வைத்து எட்டு மீட்டரிலேயே எல்லோரையும் அடக்கிவிடலாம். ஆனால் ஓரத்துப் பிள்ளைகளின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்று தெரியும். 24-இல் வைத்துப் பதினொரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். இடமிருந்தால் இன்னும் பின்னால் போவதில் தவறில்லை. ஒரு மடிப்பு ஏணியில் ஏறி நின்று சற்றே கீழ்நோக்கி எடுத்தால், பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வானத்து வெளிச்சம் கண்குழிக்குள்ளும் இறங்கும். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 5.6-இல் வைத்து (எண் கூடினால் துளை சிறுக்கும்), இரண்டாம் வரிசையின் நடுவிலுள்ள ஒரு முகத்தில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை நிறுத்தினால், அந்தத் தொலைவில் முதல் வரிசையிலிருந்து பின்னாலுள்ள கட்டடம் வரை தெளிவாக விழும். ஐந்து வரிசை இருக்கிறதே என்று பயந்து எஃப் 11, எஃப் 16 என்று போக வேண்டிய தேவையில்லை. அப்படிப் போனால் இழப்பது ஷட்டர் வேகத்தைத்தான். பிள்ளைகள் ஒரு நொடிகூட அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 400-இல் தொடங்கி, வெளிச்சம் குறையக் குறைய 1600 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றுவதால் வரும் சிறு புள்ளிகளை யாரும் கவனிக்க மாட்டார்கள். கலங்கிய முகத்தை அந்தப் பிள்ளையின் அம்மா கட்டாயம் கவனிப்பார்.

சீருடையில் வெள்ளைச் சட்டை இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 120 வெள்ளைச் சட்டைகளைக் காணும் கேமராவின் ஒளிமானி வெளிச்சம் மிகுதி என்று எண்ணி முகங்களை இருட்டாக்கிவிடும். சோதனைப் படம் ஒன்று எடுத்து, திரையில் பெரிதாக்கி, சட்டையை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். இருண்டிருந்தால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). மலை நிழலில் படம் நீலம் பாரிக்கும் என்பதால் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை நிழலுக்குரிய குறியில் வைத்து, கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா ஃபைலாகவும் சேமித்துக்கொண்டால் பின்னர் திருத்துவது எளிது.

கேள்வி: டிசம்பரில் 40 மாணவர்களைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். கடலில் சூரியன் இறங்குவது பின்னால் தெரியும்படி எடுக்க ஆசை. ஃபிளாஷ் போட்டும் முகங்கள் கருப்பாகவே வருகின்றனவே?
– வாசகர், விருதுநகர்

பதில்: கேமராவுடன் வரும் சிறிய ஃபிளாஷைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் கைடு நம்பர், அதாவது ஃபிளாஷ் எட்டும் தொலைவைக் கணக்கிட உதவும் எண், ஐ.எஸ்.ஓ. 100-இல் 12 அளவில் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 என்று வைத்தால் அதன் வெளிச்சம் நாலேகால் மீட்டரோடு தீர்ந்துவிடும். 40 பேரை மூன்று வரிசையில் நிறுத்தி அடக்குவதற்கு நீங்கள் ஆறு ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். மேலே பொருத்தும் தனி ஃபிளாஷ் ஒன்றை முழு விசையில் பயன்படுத்துங்கள். ஃபிளாஷுக்குப் பக்கத்தில் போனால் நல்லது என்று தோன்றும், ஆனால் அது தவறு. மூன்று மீட்டரில் முதல் வரிசையும் ஐந்து மீட்டரில் கடைசி வரிசையும் நின்றால், பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர் பெறும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் நின்றால் பாதிக்கு மேல் கிடைக்கும்.

முதலில் ஃபிளாஷ் இல்லாமல் வானத்தை மட்டும் எடுத்து அதன் நிறம் சரியாக வரும் அளவைக் கண்டுபிடித்து, பிறகு ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றாமல் ஃபிளாஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியன் கடல்மட்டத்தைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய அங்கே இரண்டரை நிமிடம்கூட ஆகாது. கூட்டமோ நெரிசலாக இருக்கும். ஆகையால் வரிசையை அரை மணி நேரம் முன்பே அமைத்து வைத்திருங்கள்.

கேள்வி: பள்ளி முழுவதையும் கைபேசியின் பனோரமாவில் எடுக்கலாமா?
– மாணவர், மேலூர்

பதில்: வேண்டாம். பனோரமா ஒரே கணத்தில் பதிவாவதில்லை. நீங்கள் கைபேசியைத் திருப்பத் திருப்பத் துண்டு துண்டாகப் பதிவாகி ஒட்டப்படுகிறது. இடையில் அசைந்த பிள்ளைக்குக் கை இருக்காது, அல்லது மூன்று கை இருக்கும். 1900-களின் தொடக்கத்தில் வந்த சர்க்கட் என்ற கேமராவும் கடிகார விசையால் மெல்லச் சுழன்று இப்படித்தான் படம் எடுத்தது. கேமரா தன்னைக் கடந்ததும் வரிசைக்குப் பின்னால் ஓடி மறுமுனையில் போய் நின்று, ஒரே படத்தில் இரண்டு முறை சிரிக்கும் குறும்புக்காரர்கள் அந்தக் காலத்துப் பள்ளிப் படங்களில் உண்டு. கைபேசிதான் இருக்கிறதென்றால், அகலக்கோண லென்ஸைத் தவிர்த்து, முதன்மை லென்ஸிலேயே தள்ளி நின்று சாதாரணமாக எடுங்கள்.

கேள்வி: எத்தனை படம் எடுத்தாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்கிட்டு, 2006-இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசைக் கணிதத்துக்காகப் பெற்றார்கள். இருபது பேருக்கு உட்பட்ட குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வரும் அளவுக்கும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால் வகுத்து வரும் அளவுக்கும் படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கும் என்பது அவர்கள் தந்த எளிய விதி. ஐம்பது பேரைத் தாண்டினால் ஏறக்குறைய நம்பிக்கையே இல்லை என்பதும் அதே கணக்கின் முடிவு.

பெரிய குழுவுக்கு இரண்டு வழி இருக்கிறது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லி, திறந்த மறுநொடியே எடுப்பது ஒன்று. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவும் இருக்கும். மற்றொன்று, கேமராவை டிரைபாடில் அசையாமல் நிறுத்தி, அளவுகளை மாற்றாமல் பத்துப் பன்னிரண்டு படம் தொடர்ந்து எடுத்து, மூடிய கண்ணுள்ள முகத்துக்குப் பதிலாக அதே பிள்ளையின் திறந்த முகத்தை மற்றொரு படத்திலிருந்து கணினியில் பொருத்துவது. மாலையில் நிமிடத்துக்கு நிமிடம் வெளிச்சம் இறங்குவதால் அந்தப் பன்னிரண்டு படங்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். இடைவெளி விட்டால் ஒட்டிய முகம் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.