பின்தொடர்பவர்கள் 11,000, மதியம் மேசை காலி

இந்த மாதம் கேள்வி பதில் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறிய உணவகம் நடத்துகிறவர்களுடையவை. 22 வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார். சில கடிதங்களை இரண்டு முறை படித்தேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

அக்கா, எங்கள் உணவகத்தை இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். ரீல்ஸ் நன்றாக ஓடுகிறது. ஆனால் வார நாட்களில் மதியம் பாதி மேசை காலி. எங்கே தப்பு செய்கிறேன்?

தம்பி, நீங்கள் தப்பு செய்யவில்லை, அந்த எண்ணை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள். உங்களுடையது பிசினஸ் கணக்கு என்றால், பின்தொடர்கிறவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று 'இன்சைட்ஸ்' பகுதியில் தெரியும். முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள். 2020-இல் வந்த ரீல்ஸின் வேலையே உங்களைத் தெரியாதவர்கள் முன்னால் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான். எங்கோ தொலைவில் இருப்பவர் பார்ப்பார், ரசிப்பார், ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவரால் மதியச் சாப்பாட்டுக்கு வர முடியாது.

வரக்கூடியவர்கள் வேறு. பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் வேலை செய்கிறவர்கள், குடியிருப்பவர்கள். ஒரு மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990-களில் சொன்னார். அந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் முகம் பார்த்ததும் "வாங்க, வழக்கமானதுதானே?" என்று நான் கேட்கக்கூடியவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்தது. என் வாடகையும் சம்பளமும் அவர்களால்தான் நடந்தன.

அந்த 150 பேருக்காகப் பதிவு போடுங்கள். அதற்கு ரீல்ஸைவிட ஸ்டோரி நல்லது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அழகாக இருக்க வேண்டும் என்ற பாரம் இல்லை. காலை 11 மணிக்கு, அடுப்பிலிருந்து இறக்கும்போது எடுத்த படம் ஒன்று, கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சரி. "இன்றைக்கு இது. 2 மணிக்குள் தீர்ந்துவிடும்." இவ்வளவு போதும். பதில் போடுகிறவருக்கு இதயப் படம் அனுப்பி முடித்துவிடாதீர்கள். பெயர் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு நாள் எங்கள் சமையலறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மதியம் திறக்க முடியாது. எங்கள் மாஸ்டர் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வாளியோடு நின்றார். அவரிடம் கேட்டுக்கொண்டு அப்படியே படம் எடுத்து, "இன்று மதியம் இல்லை, இரவு 7 மணிக்குப் பார்க்கலாம்" என்று போட்டேன். அதற்கு முன்னால் நான் பாடுபட்டு எடுத்த எந்தச் சாப்பாட்டுப் படத்துக்கும் அத்தனை பதில் வந்ததில்லை. இரவு வந்தவர்களில் பாதிப் பேர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், குழாய் சரியாயிடுச்சா?" என்று கேட்டார்கள். ஒன்பது வருடமாக அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள்தான். அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த வாரமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மறைந்திருப்பவர்களை வெளியே கொண்டுவாருங்கள். சமைப்பவர், பாத்திரம் கழுவுகிறவர், பார்சல் கட்டுகிறவர், எல்லோரையும்.

2008-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராய் சோய் என்ற சமையல்காரரும் அவர் கூட்டாளிகளும் ஒரு வண்டியில் உணவு விற்கத் தொடங்கினார்கள். இன்று இரவு வண்டி எங்கே நிற்கும் என்று ட்விட்டரில் ஒரு வரி போடுவார்கள், ஜனங்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த ஒரு வரியைப் படித்தவர் கிளம்பிப் போக அதில் காரணம் இருந்தது. உங்கள் பதிவிலும் இன்றைக்கே கிளம்பி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா, வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். 180 பேர் சேர்ந்தார்கள். இப்போது காலை வணக்கப் படங்களும் அரசியல் சண்டையும்தான் ஓடுகின்றன. கலைத்துவிடட்டுமா?

கலைத்துவிடுங்கள். சண்டைகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, போன் எண்கள்தான் என் கவலை. அப்படிப்பட்ட குழுவில் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் உங்களை நம்பித் தன் எண்ணைக் கொடுத்தார். மீதி 179 பேருக்கும் அவர் கொடுக்கவில்லை.

அறிவிப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பிலேயே உள்ள பிராட்காஸ்ட் பட்டியலில், அதாவது ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பட்டியலில், 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது நல்ல சல்லடையாகத்தான் தெரிந்தது. 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலிலும் பின்தொடர்கிறவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. எதுவானாலும் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள்.

அப்புறம், குழுவே கூடாதா என்று கேட்பீர்கள். நடத்தலாம், ஆனால் அவர்கள் கூடுவதற்குத் தங்களுக்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்கள் உணவகத்துக்கு இரவு எட்டரை மணிக்குத் தனியாக வந்து சாப்பிடும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத பையன். இருவருமே ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே போனில் சதுரங்கம் ஆடுவார்கள். மாதக்கணக்கில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தும் அது அவர்களுக்குத் தெரியாது, கல்லாவிலிருந்து பார்த்த எனக்குத்தான் தெரிந்தது. ஒரு நாள் பில் கொடுக்கும்போது பெரியவரிடம், "பக்கத்து மேசைத் தம்பியும் ஆடுவார்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பலகை ஒன்று வாங்கி ஜன்னலோர மேசையில் வைத்தேன். ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 வரை எங்களுக்குக் கூட்டமில்லாத நேரம், அதை அவர்களுக்கு விட்டேன். ஒரு வருடத்தில் 14 பேர் ஆனார்கள். குழுவையும் அவர்களே தொடங்கி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு நாளும் காலை வணக்கப் படம் வந்ததில்லை.

வீடாகவும் இல்லாமல் வேலையிடமாகவும் இல்லாமல், மனிதர்கள் சும்மா வந்து இருக்கிற இடத்தை 'மூன்றாம் இடம்' என்றார் ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர். 1989-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நமக்கு வாடிக்கையாளரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியும், அது வியாபார உறவு. அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியவரும்போதுதான் அந்த இடம் அவர்களுடையது ஆகிறது. அதைச் செய்ய போனைவிட, கல்லாவில் இருப்பவரின் கண்ணுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

"45 நிமிடம் காத்திருந்தோம், யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார் ஒருவர். மனசு ஆறவில்லை. தெரிந்தவர்கள் 20 பேரை நல்லதாக எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். சாப்பிடாதவர் எழுதுவதையும், சலுகை கொடுத்து எழுத வைப்பதையும் கூகுள் விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் 2024 முதல் போலி விமர்சனங்களுக்கு அபராதமே விதிக்கலாம். விதியை விடுங்கள். உங்கள் 150 பேரில் ஒருவர் அந்த இருபதையும் படித்தால், வராதவர்கள் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கவலை நியாயமானதுதான். ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. அது தனி உணவகங்களுக்கு மட்டும்தான், பல கிளை உள்ள பெரிய நிறுவனங்களிடம் அந்த விளைவு தெரியவில்லை. அவர்களைப் பற்றி ஜனங்களுக்கு முன்பே தெரியும். நம்மைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதனால் பதில் எழுதுங்கள், ஆனால் கோபம் தணிந்த பிறகு. முதலில் அன்று யார் வேலையில் இருந்தார்கள், என்ன நடந்தது என்று விசாரியுங்கள். "உங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த 'இருந்தால்' அவரைப் பொய்யர் என்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "அன்று இரவு சர்வர்கள் இரண்டு பேர் வரவில்லை. அதை உங்கள் மேசைக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தவறு. மறுபடி வந்தால் கல்லாவில் என்னைக் கூப்பிடுங்கள்." கீழே உங்கள் பெயரைப் போடுங்கள், 'நிர்வாகம்' என்று போடாதீர்கள். அவர் திரும்பி வராமல் போகலாம். ஆனால் நாளைக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

நிறையப் பேர் பின்தொடரும் ஒருவர், இலவசமாகச் சாப்பாடு போட்டால் வீடியோ போடுவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

ஒரு முறை செய்து பார்க்கலாம், இலவசம் என்பதை வீடியோவிலேயே அவர் சொல்வதாக இருந்தால். ஆனால் அன்றைக்கு உங்கள் பழைய வாடிக்கையாளர் உட்காரும் மேசையை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் வாடிக்கையாளர். வழக்கமாகப் போகும் உணவகத்தில் பிறந்தநாளுக்குச் சாப்பிட்டோம். என்னைக் கேட்காமல் எங்கள் படத்தைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். சொன்னால் உறவு கெட்டுவிடுமோ?

சொல்லுங்கள் அம்மா, இன்றைக்கே சொல்லுங்கள். நானும் இதே தவற்றைச் செய்தவள். தோழிகள் இரண்டு பேரோடு வந்த ஒரு பெண்ணின் படத்தை ஆசையாகப் போட்டேன். அடுத்த நாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். வீட்டாரை விட்டு விலகி வாழ்கிறவர், எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பது சிலருக்குத் தெரியவே கூடாது என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் கை நடுங்கியது. அந்த இடத்திலேயே நீக்கினேன், ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. நான்கு மாதம் அவர் வரவில்லை. அதன் பிறகு, யார் படமானாலும் அவரவரிடம் காட்டி, "போடலாமா?" என்று கேட்காமல் போட்டதில்லை. அந்தப் பெண் வந்து சொல்லாமல் ஒதுங்கியிருந்தால், இன்னும் எத்தனை பேருக்கு அதையே செய்திருப்பேனோ தெரியாது.

அக்கா, எனக்குக் கூச்ச சுபாவம். கடைக்கு வருகிறவர்களிடம் கலகலப்பாகப் பேச வராது. வீடியோவில் முகம் காட்டவும் முடியாது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

கலகலப்பு தேவையில்லை. நினைவு வைத்திருந்தால் போதும். அதற்கும் நோட்டு இருக்கிறது. கல்லாவுக்குக் கீழே 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். கடை மூடியதும் இரண்டு மூன்று வரி எழுதுவேன். "4-ஆம் மேசை, கண்ணாடி போட்டவர். காரம் ஆகாது. மகளுக்கு அடுத்த வாரம் தேர்வு." மறு வாரம் அவர் வந்தபோது தண்ணீர் வைத்துக்கொண்டே, "மகள் தேர்வு எப்படி எழுதினாங்க?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கால் மணி நேரம் அவர்தான் பேசினார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

நோட்டை மட்டும் கல்லாவுக்கு மேலே வைக்காதீர்கள். அதில் இருப்பது அவர்கள் வீட்டு விஷயம். உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.