சாப்பிட்டு முடித்தவனை எதற்குப் பந்திக்குக் கூட்டிப் போனீர்கள்?

கேள்வி: மூன்று வருடமாக ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் இருக்கிறோம். மகனுக்கு நாலரை வயது, மகளுக்கு ஒன்றரை. மாதத்துக்கு ஒரு தடவை வெளியே சாப்பிடப் போனால்கூட நிம்மதி இல்லை. போன வாரம் ஒரு ரெஸ்டாரண்டில் ஏழரை மணிக்கு மேஜை சொல்லியிருந்தோம். அங்கே போய்ச் சிந்தி அசிங்கப்படுத்தக் கூடாதே என்று எப்போதும் ஆறு மணிக்கே இரண்டு பேருக்கும் வீட்டில் ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். அப்படியும் மகன் மேஜைக்கு அடியில் புகுந்தான், நாற்காலிகளுக்கு நடுவே ஓடினான். போனைக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தான். உடனே பக்கத்து மேஜைப் பாட்டி திரும்பி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டோம். இத்தனைக்கும் கிண்டர்கார்டனில் அவன் சமர்த்தாம், தானே சாப்பிடுகிறானாம். இந்த ஊர்க்காரர்களுக்குக் குழந்தைகளே பிடிக்காதா? கொஞ்ச வருடம் வெளியே சாப்பிடுவதையே விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, மியூனிக்

பதில்: அந்தப் பாட்டியை விடுங்கள். அவர் குறைக்கச் சொன்னது போனின் சத்தத்தை. பையன் ஓடியபோது அவர் ஏதும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு வரி. 'ஆறு மணிக்கே ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவோம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏதோ நல்ல ஏற்பாடு மாதிரி! வயிறு நிரம்பிய பிள்ளையை, அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரும் படுக்கைக்குப் போகிற நேரத்தில் சாப்பாட்டு மேஜைக்கு இழுத்துப் போகிறீர்கள். அவன் முன்னால் தட்டு இல்லை, கரண்டி இல்லை. ஒன்றரை மணி நேரம் அம்மாவும் அப்பாவும் மெல்லுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் உட்காருவீர்களா? சாப்பிட்டு முடித்த எந்தப் பெரிய மனிதராவது அடுத்த பந்தியில் போய்ச் சும்மா உட்காருவாரா? மேஜைக்கு அடியில் புகுந்தானே, எனக்கு அவன்மேல் மரியாதைதான் வருகிறது.

காரணமும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: சிந்தி அசிங்கப்படுத்திவிடுவான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது அவன் பிரச்சினை இல்லை, உங்கள் கூச்சம். கிண்டர்கார்டனில் தானே சாப்பிடுகிற பையன், வீட்டில் மட்டும் ஏன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்? நீங்கள் ஊட்டுவதால். நாலரை வயதுக்கு ஊட்டுவதைப் பாசம் என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேரம் மிச்சம், துடைக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தனி இலை உண்டு. ரசத்துக்குச் சோற்றில் குழி பறிப்பேன், கரை உடையும், ரசம் நேராக மடிக்கு வரும். எத்தனை பட்டுப்பாவாடை பாழானது என்று கணக்கே இல்லை. என் அத்தை திட்டுவார், ஆனால் இலையைப் பிடுங்க மாட்டார். "இன்னும் கொஞ்சம் உயரமாக் கட்டு" என்பார். மோர் வந்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் முடிக்கிறவரை எழுந்திருக்கவும் கூடாது. அப்பளம் ஒன்று கூடுதலாக வாங்கி, பொட்டுப் பொட்டாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பந்தியில் உட்காரப் பழகியது அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தேன், அதனால் உட்கார்ந்தேன். அதைப் பழக்க வேண்டியது பெற்றவர்கள் கடமை. போன் பழக்காது.

ஜெர்மன்காரர்களுக்குக் குழந்தை பிடிக்காதா என்று கேட்டீர்கள். அடுத்த முறை மெனுவில் குழந்தைகள் பகுதியைக் கடைசி வரை படித்துப் பாருங்கள். பல இடங்களில் 'ரொய்பர்டெல்லர்' என்று ஒன்று இருக்கும். கொள்ளைக்காரன் தட்டு என்று பொருள். வருவது வெறும் தட்டும் கரண்டியும்தான், பெரும்பாலும் காசு கிடையாது. அம்மா தட்டிலிருந்தும் அப்பா தட்டிலிருந்தும் பிள்ளை கொள்ளையடித்துக்கொள்ள வேண்டும். மெனுவில் இல்லாவிட்டாலும் கேளுங்கள், வெறும் தட்டுத்தானே. உங்கள் மகனுக்கு வேண்டியது அதுதான். அப்புறம் ஒரு கைஸர்ஷ்மார்ன் சொல்லுங்கள். தடிமனான இனிப்பு தோசையைப் பிய்த்துப் போட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவி, ஆப்பிள் கூழோடு வரும். முட்டை உண்டு. திராட்சையை ரம்மில் ஊறவைத்தார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். அங்கே நிறைய இடங்களில் மதியச் சமையல் முடிந்தால் அடுப்பு மறுபடி சூடாவது சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குத்தான். கதவு திறந்ததும் பசியோடு போய் நில்லுங்கள். கூட்டம் இருக்காது, தட்டும் சீக்கிரம் வரும், ஏழு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்.

கோடையில் இதைவிடச் சுலபம். பவேரியா மாநிலத்தில் இருந்துகொண்டு பீர் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! பெயரைப் பார்த்து டாஸ்மாக் பாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மரத்தடியில் பாட்டி முதல் பேத்தி வரை உட்கார்ந்திருக்கிற இடம் அது. 1812இல் பவேரிய அரசர் மாக்ஸ் யோசெஃப், பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறையில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஊர் விடுதிக்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்றத்தான். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தடை போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. 1999இல் வந்த பவேரிய விதிமுறையும், சொந்தச் சாப்பாடு கொண்டுவந்து சாப்பிட முடிவது பீர் தோட்டத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்கிறது. துணி விரிக்காத மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து ஆப்ஃபெல்ஷோர்லே என்று தருவார்கள், பிள்ளைகளுக்கு அது போதும். உங்கள் ஊர் ஹிர்ஷ்கார்டன் பீர் தோட்டத்தில் 8,000 பேர் உட்காரலாம், பக்கத்திலேயே மான்கள் இருக்கின்றன. அங்கே ஒரு சோற்றுப்பருக்கை விழுந்தால் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

ஆக, விட்டுவிட வேண்டியது வெளியே சாப்பிடுவதை இல்லை. ஆறு மணி ஊட்டலை. இந்தச் சனிக்கிழமையே டப்பாவில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பையனுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி. மகளுக்கும் உயர நாற்காலி கேட்டு வாங்கி, கையில் பிசைந்த சாதத்தைக் கொடுங்கள். அவள் பாதியைக் கீழே போடுவாள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தேன். இந்தத் தடவை அவர் குனிந்து பொறுக்கட்டும்.