ராணுவ ஏலத்தில் எடுத்த எம்35ஏ2 டிரக்: ஆயில் மாற்றுவதை எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 என்ற ஆறுசக்கர இழுவை (6x6) சரக்கு டிரக் ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறேன். ஆயில், கூலண்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் முதல் நாள் எதையும் வடிக்காதீர்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய ஆயிலைப் பார்க்காமல் கொட்டிவிட்டால், வண்டிக்குள் என்ன கோளாறு இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

எல்லோரும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள். நான் பிரேக்கில் தொடங்கச் சொல்வேன். இந்த வண்டியில் காற்று உதவி மட்டும்தான் செய்கிறது, சக்கரத்தில் பிரேக்கை அழுத்துவது பிரேக் ஆயில். அதுவும் எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போச்சு. மிஞ்சுவது டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் ஹேண்ட் பிரேக்தான். வெறும் வண்டியே சுமார் 6 டன் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் கால் வைக்கும் தரைக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாத இடம் என்பதால் பழைய ஆட்கள் பல வருடம் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ராணுவம் 1980-களில் டாட் 5 என்ற தர எண் கொண்ட சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. புதிதாக இருக்கும்போது ஊதா நிறம். பழையதானால் வெளுத்துவிடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விட்டு, இந்த ஆயிலில் சில சொட்டு சேர்த்துக் குலுக்குங்கள். தனியாகப் பிரிந்து நின்றால் சிலிக்கோன். கரைந்துவிட்டால் யாரோ டாட் 3 அல்லது 4 (தண்ணீரில் கரையும் கிளைக்கால் வகை) ஊற்றியிருக்கிறார்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்று கடையில் இருப்பது பெயரில் மட்டும்தான் சொந்தம், அது டாட் 3, 4 வகையைச் சேர்ந்தது.

அப்புறம் சக்கரங்களைச் சுற்றி வாருங்கள். ரிம்மின் உட்பக்கம் ஆயில் வடிந்த கோடு தெரிந்தால், ஒன்று வீல் சிலிண்டர் கசிகிறது, அல்லது ஆக்சிலின் கியர் ஆயில் சீலைத் தாண்டி ஹப்புக்குள் வந்து லைனிங்கை நனைக்கிறது. இரண்டாவதாக இருந்தால் சீலைத் திட்டுவதற்கு முன் ஆக்சில் மேலே இருக்கும் வென்ட்டைப் பாருங்கள். அதில் மண் அடைத்திருந்தால் உள்ளே சூடாகும் காற்றுக்கு வேறு வழியில்லை, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். புது சீல் போட்டாலும் மறுபடி கசியும்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று டிஃபரன்ஷியல்கள்: எதிலும் முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், வடித்த பிறகு புது ஆயிலை எப்படி ஊற்றுவீர்கள்? ஓரிரவு வண்டியை அசைக்காமல் நிறுத்தி, காலையில் கீழ் பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். வெட்டவெளியில் நின்ற வண்டிகளில் இது சர்வசாதாரணம். பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸில் எந்த ஆயில் என்பதில் வண்டிக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. நான் ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றுவதில்லை. உள்ளே இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களை அதன் கந்தகச் சேர்மானம் அரிக்கலாம் என்ற பயம்தான். ஜிஎல்-1 அல்லது ஜிஎல்-4 போதும். ஸ்டீயரிங் பாக்ஸையும், முன்னால் வின்ச் இருந்தால் அதன் கியர் பெட்டியையும் மறந்துவிடாதீர்கள்.

இனி எஞ்சின். இந்த வண்டியின் மல்டிஃப்யூவல் (பலவகை எரிபொருளில் ஓடும்) எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது நோய் இல்லை. டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால்தான் கவலை. முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்ஷன் பம்ப் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படலாம். வெளுத்துக் குழம்பியிருந்தால் கூலண்ட் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். இரண்டு ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 20 லிட்டர் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பிடிக்கும். ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சின் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். டர்போ வறண்டு சுற்றாமல் இருக்க இதுதான் வழி.

கூலண்ட் வெறும் தண்ணீராக இருக்கிறதா என்று ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். வெயில் அடிக்கும் டெக்சாஸ் வண்டியை, தண்ணீர் உறையும் குளிருள்ள மின்னசோட்டாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது முக்கியம். டீசல் டேங்க்கிலும் எரிபொருள் ஃபில்டர்களிலும் அடியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். எதையும் எரிக்கும் எஞ்சின் என்ற பெயரால் முந்தைய ஆள் என்னத்தை ஊற்றினாரோ!

எத்தனை அளவு, எந்த இடம் என்பதற்கு ராணுவத்தின் டிஎம் 9-2320-361-10 கையேட்டைப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஆயிலுக்கு நிறைய கேன்கள் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். பல உதிரிபாகக் கடைகள் வாங்கிக்கொள்ளும். ஆனால் கூலண்டோ பிரேக் ஆயிலோ கலந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடியுங்கள்.