தண்ணீரைக் காசு மாதிரி செலவு செய்கிறேன்

கேள்வி: "கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. மாதம் 18,000 ரூபாய்க்குள் குடும்பம் நடக்க வேண்டும். எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது?"

எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இது ஐந்தாவது வருஷம். ஊர் திண்டுக்கல். வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன், வீட்டுக்காரருக்கு இரும்புக் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள், மாமியார். உங்கள் வரவு செலவும் எங்களுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் காப்பீட்டு அட்டை கைக்கு வரவில்லை. ஒரு தனியார் இடத்தில் ஒரு தடவைக்கு 1,800 ரூபாய் கட்டி வாரம் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது மூன்று. இரண்டாகக் குறைத்தது நான். ஜூன் மாதம், பள்ளிக்கூட ஃபீஸ் நேரம். ஒரு வியாழக்கிழமை, 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று அன்றைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். 1,800 மிச்சம் என்று மனசுக்குள் சந்தோஷம் வேறு. சனிக்கிழமை ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் ஆசுவாசம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மூன்று நாள் ஐசியூ, 41,000 ரூபாய். தாலிக்கொடியைத் தவிர வீட்டிலிருந்த நகை எல்லாம் அடகுக்கடைக்குப் போனது.

அதனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில்: டயாலிசிஸ் நாளில் கை வைக்காதீர்கள். வாரம் மூன்று, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது அப்படியே நடக்க வேண்டும். "இன்னைக்கு மூணு மணி நேரத்துல இறக்கி விடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவதும் இதில் சேர்த்திதான். நானும் கெஞ்சியிருக்கிறேன்.

இதற்குக் கையிலிருந்து காசு போகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. 18,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு 'நமக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது உறுதியான சம்பளமா, ஓவர்டைம் சேர்த்தா, உங்கள் கணவர் படுத்த பிறகு அதில் எவ்வளவு நிற்கிறது என்பதையெல்லாம் விஏஓவிடம் உள்ளபடி சொல்லி வருமானச் சான்று கேளுங்கள். அப்புறம் ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வரம்புக்குள் வரவில்லை என்றாலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எனக்கு இப்போது அங்கேதான் நடக்கிறது. பெட் காலியாக இரண்டு மாதம் காத்திருந்தேன், வாரத்துக்கு ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவேன். வெட்கப்பட்டால் நடக்காது.

வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போக வேண்டி வந்தால், சிறுநீரக நோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மூன்று தடவை முழு டிக்கெட் எடுத்து மதுரை போய்வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்ளூரில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் இல்லை, கணவரோடு நீங்கள் போய்வர அது ஒரு உபகாரம். ஆனால் நான் போகும்போதுதான் பஸ். வரும்போது ஆட்டோ, 80 ரூபாய். டயாலிசிஸ் மிஷினிலிருந்து இறங்கியதும் பிரஷர் குறைந்து காலே நம்முடையதாக இருக்காது. பஸ் ஸ்டாப்பில் விழுந்து பல் உடைந்தால் அதற்குத் தனிச் செலவு.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். காசைத் தண்ணீராய்ச் செலவழிக்காதே என்பார்கள். எங்கள் வீட்டில் தண்ணீரைத்தான் காசாய் எண்ணுகிறோம். எனக்கு ஒரு நாளைக்கு 700 மில்லி. முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு ஒரு 500 சேர்த்து டாக்டர் சொன்ன கணக்கு அது. உங்கள் கணவருக்கு எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நான் செய்வது இதுதான்: காலையில் ஒரு பாட்டிலில் 700 மில்லி அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். காபி குடித்தால், குடித்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம், மோர், கஞ்சி எல்லாவற்றுக்கும் அதே மாதிரிதான். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வாசலில் இருக்கும் துளசி என் காபியில் வளர்கிறது என்று பையன் கிண்டலடிப்பான்.

இதை எதற்குச் சிக்கனப் பதிலில் எழுதுகிறேன் என்றால், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் தங்கி எடை நாலு கிலோ ஏறிவிட்டால் அத்தனை நீரையும் நான்கு மணி நேரத்தில் இழுக்கும்போது கெண்டைக்காலில் குரக்களி பிடித்து உயிர் போகும். மறுநாள் தையல் மிஷினில் உட்கார முடியாது. இரண்டு கிலோவுக்குள் போனால் மறுநாள் காலை ஐந்து ஜாக்கெட் வெட்டிவிடுவேன். எடை மிஷின் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினோம். இந்த ஐந்து வருஷத்தில் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

தாகத்தைக் கிளப்புவது உப்பு. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் நின்றதில் மாதம் முன்னூறு, நானூறு மிச்சமானது தனிக் கதை. எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. குழம்பில் உப்புப் போடும் முன் இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிடுவோம், கேஸ் மிச்சம். ஒரு எச்சரிக்கை: கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விலை கூடுதலாக ஒன்று விற்கிறது. நல்லது நினைத்து என் தம்பி வாங்கி வந்தான். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னி போனவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதே காரணத்தால்தான் காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறோம். "சத்தெல்லாம் போகுதே" என்று மாமியார் இன்னும் அங்கலாய்ப்பார். போகட்டும் என்றுதானே அத்தை வடிக்கிறோம் என்பேன். சிறுமலை வாழைப்பழம் விளையும் ஊரில் இருந்துகொண்டு வாசம் பிடிப்பதோடு சரி.

சாப்பாட்டில் குறைக்கக் கூடாதது புரதம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. அதற்கென்று டப்பாவில் வரும் பவுடர் ஒன்றைச் சொன்னார்கள், விலை கேட்டு மயக்கம் வந்தது. டயட்டீஷியனிடம் நேராகவே கேட்டேன், முட்டையின் வெள்ளைக்கரு போதாதா என்று. போதும் என்றார். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. மஞ்சள்கருவில் கிட்னி போனவர்களுக்கு ஆகாத பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அது பிள்ளைகளுக்கு. கொஞ்ச நாளில் பையன் மஞ்சளைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்துவிட்டான், இப்போது பொரியலில் ஒளித்துப் போடுகிறோம்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? சாத்துக்குடி, மாதுளை, இளநீர். எதுவும் எனக்கு ஆகாது. இளநீர் எனக்கு விஷம். முதல் வருஷம் வாயைத் திறக்காமல் வாங்கி வைத்தேன். அப்புறம் கூச்சத்தை விட்டுவிட்டு, "வர்றதா இருந்தா ஒரு அட்டை முட்டை வாங்கிட்டு வாங்க சித்தி" என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திக்கு முதலில் முகம் கோணியது, சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி வெறுங்கையோடு வந்தார். அடுத்த தடவை இரண்டு அட்டை, அறுபது முட்டை, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார்.

மருந்தில் மிச்சம் பிடிக்க இடம் உண்டு. மாத்திரையின் ரசாயனப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, கால்சியம் எல்லாம் மக்கள் மருந்தகத்திலும், 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் நல்ல குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுவார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாதபோது வெளியே வாங்க வேண்டியிருக்கும். ஊசி வரும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த விலையை அப்படியே கொடுக்காதீர்கள், நாலு கடை விசாரியுங்கள். எனக்குப் பாதிக்கும் கீழே கிடைத்தது. ஆனால் ஐஸ் பேக் இல்லாமல் கவரில் போட்டுக் கொடுக்கிற கடையில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, சூடேறினால் வீண். இன்னொன்று, பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கத் தருகிற மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். நான் ஆறு மாதம் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டிருந்தேன். வாங்கிய காசு அத்தனையும் வயிற்றோடு போனது.

'கிட்னியைப் பழையபடி ஆக்கும்' பொடி, லேகியம் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நாங்களும் 18,000 ரூபாய் விட்டோம்.

கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன், போடச் சொன்னால் தள்ளிப் போடாமல் போட்டுவிடச் சொல்லுங்கள். அது தயாராகவே ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை கழுத்தில் இருக்கும் குழாயில் கிருமி தொற்றினால் இன்னொரு ஆஸ்பத்திரிச் செலவு. எனக்கு இடது கை. அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டுவதே பாடாக இருந்தது. பழைய நைட்டி ஒன்றின் இடது கையைத் தோள் வரை பிரித்து, வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தேன். படுத்ததும் படபடவென்று திறந்துவிடலாம், போர்வைக்குள் உடம்பும் குளிராது. பக்கத்து பெட் அக்கா பார்த்துவிட்டு அவருடைய சட்டையையும் கொண்டுவந்தார். இப்போது மாதம் பத்துப் பதினைந்து உருப்படி வருகிறது, ஒன்றுக்கு 40 ரூபாய். உங்கள் கணவரின் சட்டைகளில் நீங்களே செய்துவிடலாம், பிரஸ் பட்டன் அட்டை தையல் சாமான் கடையில் கிடைக்கும்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை நான் தொடுவதில்லை. அது ஆட்டோவுக்கும் ஊசிக்கும் என்று தனி டப்பா. கணக்கு நோட்டு ஒன்றுதான், நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ரூபாய், வலது பக்கம் மில்லி. இடது பக்கம் நிறைய அடித்தல் திருத்தல் இருக்கும். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது.

மணி சாயங்காலம் ஐந்து. பாட்டிலில் இன்னும் 110 மில்லி பாக்கி, ராத்திரி மாத்திரைக்கு 40 வேண்டும். அடுப்படியில் மாமியார் காபிக்குப் பால் வைத்துவிட்டார், வாசம் வருகிறது. அரை டம்ளர் கேட்கப் போகிறேன்.