எம்ஆர்ஐ-யில் ‘மோலார் டூத் சைன்’: ஒரு தாய்க்குப் பதில்
சகோதரி, ஏழு மாத மகனின் எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மோலார் டூத் சைன்’ என்று இருக்கிறதே, மூளைக்குள் பல்லா என்று பதறிக் கேட்டிருந்தீர்கள். பல் இல்லை. சிறுமூளையின் நடுப்பகுதி சரியாக வளராமல், அருகிலுள்ள நரம்புக் கற்றைகள் தடித்து நீண்டிருந்தால் குறுக்குவெட்டுப் படத்தில் கடைவாய்ப்பல் போலத் தெரியும். ஜூபர்ட் சிண்ட்ரோம் என்ற, பிறவியிலேயே வரும் மூளை வளர்ச்சிக் கோளாறின் முக்கிய அடையாளம் அது. நீங்கள் சொன்ன வேக மூச்சும் தளர்ந்த தசையும் அதோடு பொருந்துகின்றன. மூச்சு பெரும்பாலும் வளர வளரச் சீராகும்.

அப்புறம், கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டதாலா என்று கேட்டீர்களே, இல்லவே இல்லை. இது மரபணுக் கோளாறு. பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்து வரும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. மரபணு ஆலோசனை பெறுங்கள். இந்தக் கோளாறு பாதிக்கக்கூடிய விழித்திரை, சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபியை இப்போதே தொடங்கிவிடுங்கள்.